மாமா எண்டு சொல்லுங்கோ, தெரியும்

நான் எழுதப்போவது ஒரு மனிதரைப் பற்றி. ஆனால் அவரைப் பற்றி எழுதத் தொடங்கினால் என்னைத் திட்டாமல் முடிக்க முடியாது, ஆகவே திட்டும் சேர்ந்தே வரும். சுவர்ணாவுக்கு வாய் நீளம் என்று என் கணவர் துஷாந்தன் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார். அந்த நீள வாய் திறக்க வேண்டிய ஒரே ஒரு நாளில் பொய் சொல்லத்தான் திறந்தது.

இலண்டன் செவன் கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி அவர் வீடு. அறுபத்தைந்து, அறுபத்தாறு வயது இருக்கும். ஒல்லி உடம்பு. வெயிலோ பனியோ தலையில் ஒரு நீலத் தொப்பி. இருபத்தாறு வருடம் பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் செய்து ஓய்ந்தவர். வந்த புதிதில் ஒன்பது வருடம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்துக்குப் போய்ப் போய் வரிசையில் நின்றாராம். விசா கையில் கிடைத்தபோது தலை பாதி நரைத்திருந்ததாம். இதெல்லாம் மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மாமி என்றால் அவருடைய மனைவி, ஒரு முதியோர் இல்லத்துக் குசினியில் வேலை செய்கிறார். ஒரே மகள் கலியாணம் முடித்து மெல்பேர்னில் இருக்கிறாள். மாமாவுக்குத் தன்னைப் பற்றிக் கதைக்க வராது.

வேலையை விட்ட பிறகு அவர் ஒரு காரியம் செய்யத் தொடங்கினார். பனி கொட்டிய ஒரு காலை, பக்கத்து வீட்டுத் தாய் ஷிப்டுக்குப் போக முடியாமல் வாசலில் நின்று அழுதாளாம். "பிள்ளையை என்னட்டை விடுங்கோ, நான் கொண்டுபோய் விடுறன்" என்று பள்ளிக்கூடத்துக்கு நடத்திக்கொண்டு போனார். அடுத்த கிழமை மூன்று பிள்ளைகள். நாங்கள் இந்தப் பகுதிக்கு வந்தபோது எட்டுப் பிள்ளைகள். காலை எட்டேகாலுக்குத் தெருமுனையில் நிற்பார். இரண்டு இரண்டு பேராகக் கைகோர்க்க வைத்து, தான் கடைசியில் நடப்பார். யாருக்குச் சப்பாத்து நாடா அவிழ்ந்தாலும் குந்தியிருந்து கட்டுவார். யாருக்கு மூக்கு ஒழுகினாலும் அவர் பையில் ரிசுக் கடதாசி இருக்கும். பெண்பிள்ளைகளின் தலைமயிர் கட்டும் இலாஸ்ரிக் நாலைந்து எப்போதும் அவருடைய மணிக்கட்டில் கிடக்கும். பிள்ளைகள் ஆங்கிலத்தில் முறைப்பாடு சொல்ல, அவர் தமிழில் தீர்ப்புச் சொல்லிக்கொண்டு போவார். என் மகன் யதுசனையும் மூன்று வருடமாக அப்படித்தான் கொண்டுபோனார்.

சரி, அவருடைய பெயர் என்ன?

மூன்று வருடம். என் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார், நான் அவர் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். என் போனில் அவர் 'ஸ்கூல் மாமா'. பிறந்தநாள் அழைப்பிதழில் 'மாமா, மாமி குடும்பம்' என்று நானே என் கையால் எழுதியிருக்கிறேன். பின்னேரம் பிள்ளையைக் கூட்டிவர வேண்டுமென்றால் பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டிருப்பார்கள். காலையில் கொண்டுபோய் விடுவதற்கு யாரும் பெயர் கேட்பதில்லை. எங்கள் ஆட்களுக்கு ஒருவரை மாமா என்று கூப்பிட்டுவிட்டால் அதற்கு மேல் என்ன தெரிய வேண்டியிருக்கிறது? பெரியவர்களின் பெயரைக் கேட்பதே மரியாதைக் குறைவு. பிள்ளைகளுக்கும் அதைத்தான் படிப்பித்தோம். வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குத் தெரியாத ஆட்களோடு போகாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். நாங்கள் தமிழ் கதைக்கிற ஆம்பிளை எல்லாம் மாமா, பொம்பிளை எல்லாம் அன்ரி என்று சொல்லிக்கொடுத்தோம்.

மே மாதக் கடைசி, ஒரு வியாழக்கிழமை. ஏழு மாதம் வெயில் இல்லையென்று அழுத இந்த இலண்டன், வெயில் வந்த மூன்றாம் நாளே வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தது. இருபத்தொன்பது பாகை. மகள் தர்மிகாவுக்கு மூன்றே முக்கால் வயது. நேர்சறி மத்தியானத்தோடு முடிந்துவிடும். மூன்றேகாலுக்கு யதுசனைக் கூட்டப் போக வேண்டும். இடையில் இல்ஃபோர்ட் பக்கம் ஒரு கடையில் மாம்பழப் பெட்டி வந்திருக்கிறது என்று வட்ஸ்அப்பில் செய்தி. போகாமல் இருக்க முடியுமா? அந்தப் பழம் ஒரு நாளைக்கு மேல் கடையில் நிற்காது.

கடைக்குப் பக்கத்துச் சந்தில் காரை நிறுத்தினேன். நேரம் இரண்டு மணி எட்டு நிமிடம். பின் இருக்கையில் தர்மிகா பாதி நித்திரை, கையில் என் போன், அதில் கார்ட்டூன். எழுப்பினால் கத்துவாள், கடைக்குள் தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். ஐந்து நிமிடந்தானே. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கினேன். பூட்டவில்லை, பூட்டினால் உள்ளே பிள்ளை அசையும்போது அலாம் அடிக்கும். பாருங்கள், எவ்வளவு மூளை! அலாமைப் பற்றி யோசித்தவளுக்கு வெயிலைப் பற்றி யோசிக்க வரவில்லை.

கடைக்குள் கல்யாணி நின்றாள். என் பழைய சிநேகிதி. கல்யாணியின் மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள், சாமத்தியவீடு வருகிறது. எந்த மண்டபம், எத்தனை பேர், யார் மேக்கப், யாரைக் கூப்பிடக் கூடாது. நானும் மாம்பழத்தை ஒவ்வொன்றாக மணந்து பார்த்துக்கொண்டு வாய் கிழியக் கதைத்தேன். காசு கட்ட ஒரு வரிசை. வெளியே வந்தேன், கையில் இரண்டு பெட்டி.

காரின் பின்கதவு திறந்து கிடந்தது. இருக்கை காலி.

பெட்டிகள் எப்போது கையிலிருந்து விழுந்தன என்று தெரியாது. "தர்மிகா!" என்று நான் போட்ட சத்தத்தில் கடையிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். காருக்குக் கீழே குனிந்து பார்த்தேன். டிக்கியைத் திறந்து பார்த்தேன். ஏன் டிக்கியைத் திறந்தேன்? பைத்தியம் பிடித்தவளுக்குக் காரணம் இருக்குமா? சந்தின் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் ஓடினேன். கல்யாணி தன் போனில் பொலிஸைக் கூப்பிட்டாள்.

அப்போதுதான் சந்து முனையில் போன் திருத்தும் கடை வைத்திருக்கும் கஸ்பர் வெளியே வந்தார். எங்கள் ஆள்தான், ஆனால் டென்மார்க்கிலிருந்து வந்து இரண்டு மாதந்தான், இந்த இடத்தில் யாரையும் தெரியாது.

"தங்கச்சி, பிள்ளையைத் தேடுறியளோ? மாமா கொண்டுபோனவர்."

"எந்த மாமா?"

"தெரியாது. கடை வாசல்லை நிண்டு, 'தாய் வந்தால் மாமா கொண்டுபோட்டார் எண்டு சொல்லுங்கோ, தெரியும்' எண்டவர். நான் ஒரு போனைக் கழட்டிக்கொண்டிருந்தனான், வடிவாய்ப் பாக்கேல்லை. வெயிலுக்குள்ளை நிண்டவர், முகம் தெரியேல்லை. வயசான ஆள்."

"அண்ணை, எந்த மாமா எண்டு கேக்காமல் எப்பிடி விட்டனீங்கள்?"

"தெரியும் எண்டு சொன்னவர் தங்கச்சி," என்றார் அவர், அழாக்குறையாக.

எனக்கு எத்தனை மாமா? அம்மாவின் தம்பி ஒருவர் ஹறோவில். துஷாந்தனின் தாய்மாமன் ஒருவர். வீட்டுக்காரர் மாமா, கோயில் மாமா, மீன் மாமா, பழைய வீட்டுக்குப் பக்கத்து மாமா. எல்லாருடைய நம்பரும் போனில். போன் பிள்ளையின் கையில். மனப்பாடமாகத் தெரிந்தது துஷாந்தனின் நம்பர் மட்டுந்தான். கல்யாணியின் போனில் அவரைக் கூப்பிட்டு என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அழுதேன் என்று அவர் பிறகு சொன்னார்.

பொலிஸ் வந்தது. ஒரு பெண், ஒரு ஆண். அந்தப் பெண் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு நேரம் பிள்ளையைத் தனியாக விட்டீர்கள்?"

"இரண்டு நிமிடம்."

யோசிக்கவே இல்லை. வாயில் தானாக வந்தது. பக்கத்தில் நின்ற கல்யாணி என்னைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும், சாமத்தியவீட்டுக் கதை மட்டுமே இருபது நிமிடம் ஓடியது.

"கொண்டுபோனது யார்?"

"மாமா."

"உங்கள் தாயின் சகோதரரா?"

"தெரியாது. இருக்காது."

"கணவரின் உறவினரா?"

"அதுவும் இல்லாமல் இருக்கலாம்."

"உறவினர் இல்லையென்றால் எப்படி மாமா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? எங்கள் இனம் முழுவதையும் அந்த நடைபாதையில் நின்று விளங்கப்படுத்தவா? அவள் தன் புத்தகத்தில் எதையோ எழுதினாள். முகம் இறுகிவிட்டது. இரண்டு நிமிடத்தில் காரிலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன பெயர் தெரியாத ஆண். நான் சொன்னதை வைத்துப் பார்த்தால் அது பிள்ளை கடத்தல்தான். அது என் மண்டைக்குள் அப்போது ஏறவில்லை.

துஷாந்தன் திரும்ப எடுத்தார். "சுவர்ணா, உன்ரை போன் எங்கை நிக்குதெண்டு என்ரை போனிலை காட்டுது. எங்கடை வீட்டுக்குக் கிட்டத்தான். ஸ்கூல் மாமாவின்ரை தெரு!"

நான் அப்படியே நடைபாதையில் குந்திவிட்டேன். ஐயோ கடவுளே, ஸ்கூல் மாமா! உயிர் திரும்பி வந்தது. "தெரிந்தவர்தான்! ஒன்றும் பயமில்லை, என் மகனைத் தினமும் பள்ளிக்கூடம் கொண்டுபோகிறவர்!" என்று அந்தப் பெண் பொலிஸின் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"அவருடைய பெயர்?"

நான் அவளைப் பார்த்தேன். கல்யாணியைப் பார்த்தேன். கல்யாணியின் மகனையும் ஒரு காலத்தில் அவர்தான் கொண்டுபோனார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"மூன்று வருடமாக உங்கள் மகனைத் தினமும் அவரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அவருடைய பெயர் தெரியாதா?"

அந்தக் கேள்வியை அவள் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே அதிர்ந்துபோய்க் கேட்டாள். நானும் அன்றைக்குத்தான் முதல்முதலாக அதிர்ந்தேன். பள்ளிக்கூடத்துக்குப் பெயரைச் சொல்லிவிட்டு, யதுசனைக் கூட்டிவரக் கல்யாணி போனாள். நான் பொலிஸ் காரில் ஏறினேன்.

மாமா கதவைத் திறந்தார். பெனியன் நனைந்திருந்தது. தோளில் ஒரு துவாய். "வா பிள்ளை, வா. பயந்திட்டியோ?" என்றவர் எனக்குப் பின்னால் நின்ற பொலிஸைக் கண்டதும் நின்றுவிட்டார். நான் அவரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன். பின்வளவில் நிழலுக்குள் ஒரு கதிரை. அதில் தர்மிகா, முழங்காலுக்குக் கீழே வரும் மாமாவின் ரீசேட்டைப் போட்டுக்கொண்டு, காலிரண்டையும் ஒரு பேசின் தண்ணீருக்குள் விட்டபடி ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தாள். முகம் செம்பரத்தம்பூப் போலச் சிவந்திருந்தது. "அம்மா, நான் சத்தி எடுத்தனான்," என்றாள். கட்டிப்பிடித்து அழுதேன். என் பிள்ளை, என் கைக்குள், உயிரோடு.

பெண் பொலிஸ் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே தர்மிகாவின் சட்டை, வாந்தி போகக் கழுவி, காய்ந்துகொண்டிருந்தது.

"இந்தப் பிள்ளையின் உடுப்பை ஏன் மாற்றினீர்கள்?"

மாமாவின் ஆங்கிலம் பெற்றோல் ஷெட்டில் பழகியது. எந்தப் பம்ப், எவ்வளவு, நன்றி. அதற்கு மேல் தேவைப்பட்டால் கையால் கதைப்பார். கார், சூடு, சத்தி, தண்ணீர் என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார். கடைக்குப் பாண் வாங்க நடந்து போனாராம், பிள்ளை காருக்குள் துவண்டு கிடந்ததைக் கண்டாராம், பக்கத்தில் இரண்டு கடையில் கேட்டும் தாயைக் காணவில்லையாம், உடம்பைக் குளிர்விக்க வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாராம்.

"தாய் இரண்டு நிமிடந்தான் உள்ளே போனதாகச் சொல்கிறார். இரண்டு நிமிடம் நிற்க உங்களால் முடியவில்லையா?"

மாமாவுக்கு அது விளங்கியது. என் பக்கம் திரும்பினார்.

"என்ன பிள்ளை சொன்னனீ, ரெண்டு நிமிசமோ?"

"ஓம் மாமா," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு தமிழில், அவசரமாக, தாழ்ந்த குரலில் சொன்னார்: "சரி. நீ ஒண்டும் மாத்திச் சொல்லாதை. வெயிலுக்குள்ளை விட்டதெண்டு தெரிஞ்சால் ரெண்டு பிள்ளையளையும் கொண்டுபோயிடுவாங்கள். நான் பாத்துக்கொள்ளுறன்."

"என்ன சொன்னார்?" என்று பொலிஸ் என்னிடம் கேட்டாள்.

"மன்னிப்புக் கேட்கிறார்," என்றேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருக்கிறது, இதை எழுதும்போது. ஆனால் அப்போது அதைத்தான் சொன்னேன். மாமாவும் தலையாட்டினார். தன் நெஞ்சில் கையை வைத்து, பிழை தன்னுடையது, கேட்காமல் தூக்கியது தான் என்று சொன்னார். அவருடைய கைகளைப் பின்னால் கொண்டுபோய் விலங்கு போட்டார்கள். தொப்பி விழுந்தது. அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்து ஆட்கள் பார்த்தார்கள். காரில் ஏற்றும்போது, "மாமி வேலையாலை வந்தால் பயப்பிடவேண்டாமெண்டு சொல்லு," என்றார். அது மட்டுந்தான்.

பிறகு அம்புலன்ஸ்காரர் வந்து தர்மிகாவைச் சோதித்தார். நாடி பார்த்தார், காய்ச்சல் பார்த்தார், சலம் போனாளா என்று கேட்டார். "யார் இவளைக் குளிர்ப்படுத்தியது?" என்று கேட்டார். நான் சொன்னேன். "சரியாகச் செய்திருக்கிறார். இன்னும் பத்து நிமிடம் அந்தக் காரில் இருந்திருந்தால் நாம் இப்போது இங்கே நின்று கதைத்துக்கொண்டிருக்க மாட்டோம்," என்றார். சொல்லிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "எவ்வளவு நேரம் என்றீர்கள்?" மறுபடியும் இரண்டு என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து துஷாந்தனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். கடைப் பற்றுச்சீட்டில் நேரம் இருந்தது: இரண்டு நாற்பத்தொன்று. முப்பத்து மூன்று நிமிடம். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்துவிட்டார்.

"உனக்கென்ன விசரே? முப்பத்து மூண்டு நிமிசமோ?" என்று கத்தினார். கத்தி முடிய, "சரி, இனிச் சொல்லாதை," என்றார். "அவரை நாளைக்கு விட்டிடுவாங்கள். ஒண்டுமில்லாத கேஸ். நீ வாயைத் திறந்தாலோ, சோஷல் வேர்க்கர் வந்து நிப்பாங்கள். பிள்ளையளைக் கொண்டுபோனால் என்ன செய்வம்?"

அவரைப் பிழை சொல்லமாட்டேன். எனக்கும் அதுதான் பயம். இலண்டனில் ஒரு தமிழ்த் தாய்க்கு விசாப் பயம் போன பிறகு மிஞ்சியிருக்கிற பயம் இது ஒன்றுதான்.

ஆறரைக்கு, நல்ல வெயில் எறித்துக்கொண்டிருக்க, மாமி வந்தார். வேலை உடுப்பு மாற்றவில்லை. கையில் தர்மிகாவின் சட்டை, அயன் போட்டு மடித்தபடி. ஐயோ, அந்த நிலையிலும் அயன் போட்டிருக்கிறார்! "பிள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்று கேட்டார். "சுகம் மாமி," என்றேன். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்:

"பிள்ளை, அவர் ஒண்டும் செய்யேல்லைத்தானே?"

முப்பத்தெட்டு வருடம் அவரோடு வாழ்ந்த மனுசி. என்னிடம் வந்து கேட்கிறார்.

"இல்லை மாமி. ஒண்டும் செய்யேல்லை."

"அப்ப ஏன் கொண்டுபோனவங்கள்? தர்மிகாவின்ரை உடுப்பைப் பற்றியெல்லாம் என்னட்டைக் கேக்கிறாங்கள் பிள்ளை. மகளைச் சின்னனிலை எப்பிடி வளத்தனீங்கள் எண்டு கேக்கிறாங்கள்."

பின்னால் துஷாந்தன் நின்றார். நான் சட்டைக்குக் கையை நீட்டினேன். மாமி சட்டையை என் கையில் தந்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டேகாலுக்கு யதுசனையும் தர்மிகாவையும் கூட்டிக்கொண்டு தெருமுனைக்குப் போனேன். பிள்ளைகள் பையோடு நின்றார்கள், வழக்கமான இடத்தில், இரண்டு இரண்டு பேராக. "மாமா எங்கை?" என்று ஆளுக்காள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தாய்மார் ஒதுங்கி நின்று குசுகுசுத்தார்கள். மேரிசாந்தி மட்டும் சத்தமாகவே கதைத்தாள். மாமா இவளுடைய இரட்டைப் பிள்ளைகளை நாலு வருடம் நடத்திக்கொண்டு போனவர். ஒருவனுக்கு மூச்சு இழுப்பு வந்தால் இன்ஹேலர் பம்பை எடுத்துக் கொடுக்கிறதும் அவர்தான்.

"நான் அப்பவே நினைச்சனான். ஒரு ஆம்பிளை ஏன் சும்மா வந்து மற்றாக்களின்ரை பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு திரியவேணும்? பொம்பிளைப் பிள்ளையளுக்குத் தலை கட்டிவிடுறது, கையைப் பிடிக்கிறது. சுவர்ணா, நல்லகாலம் உங்கடை பிள்ளை தப்பினது."

எனக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பற்றி எரிந்தது. அவள்மேல் இல்லை. அவள் அந்தக் கதையை எங்கிருந்து எடுத்தாள்? நான் கொடுத்ததுதானே!

"வாயைப் பொத்துங்கோ, மேரிசாந்தி!" என்றேன். தெருவே திரும்பிப் பார்த்தது. "முப்பத்து மூண்டு நிமிசம். கேட்டியளோ? வெயிலுக்குள்ளை, காருக்குள்ளை, முப்பத்து மூண்டு நிமிசம் நான் என்ரை பிள்ளையை விட்டிட்டு மாம்பழம் மணந்துகொண்டு நிண்டனான். அந்த மனுசன் தூக்கியிருக்காட்டி என்ரை பிள்ளை இண்டைக்கு இல்லை. பொலிஸுக்கு நான் பொய் சொன்னனான். அவர் எனக்காக வாயைப் பொத்திக்கொண்டு போனவர்."

மேரிசாந்தியின் முகம் வெளுத்துப்போனது. யதுசன் என்னை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு எல்லாம் விளங்கியது. ஏழு வயதுப் பிள்ளைக்கு முன்னால் தாய் அப்படி நிற்கக் கூடாது. ஆனால் நின்றேன்.

அங்கிருந்தே துஷாந்தனுக்கு எடுத்துச் சொன்னேன்: "நான் போறன். கோவிக்காதேங்கோ." "நில், நானும் வாறன்," என்றார் அவர்.

பொலிஸ் நிலையத்தில் அதே பெண். பற்றுச்சீட்டை மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன், மாமா தமிழில் சொன்னதையும், நான் அதை எப்படி மாற்றினேன் என்பதையும். அவள் என்னைத் திட்டவில்லை. பேனையை வைத்துவிட்டு, "வாமதேவன் நேற்றிலிருந்து ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்," என்றாள். "பிழை என்னுடையது, பிழை என்னுடையது." யார் இந்த வாமதேவன் என்று எனக்கு ஒரு கணம் பிடிபடவில்லை. பிடிபட்டதும் மேசையில் தலையை வைத்து அழுதேன்.

அன்று மத்தியானம் அவரை விட்டுவிட்டார்கள். கடைக் கமெராவையும் பார்த்திருக்கிறார்கள். என்னை விசாரித்தார்கள், எச்சரித்தார்கள், எழுதி வைத்தார்கள். சோஷல் வேர்க்கர் மூன்று தடவை வந்தாள். பிரிட்ஜைத் திறந்து பார்த்தாள், கட்டில்களைப் பார்த்தாள், யதுசனைத் தனியாக இருத்திக் கதைத்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் போகும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. பிள்ளைகள் என்னோடுதான் இருக்கிறார்கள். நான் பயந்த அந்தப் பூதம் மூன்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விட்டது. அதற்காக நான் ஒரு மனிதரைக் கொடுத்துவிட்டிருந்தேன்.

மாமாவின் வீட்டுக்கு எல்லாரும் போனார்கள். மேரிசாந்தி கேக் செய்து கொண்டுபோய் அழுதாளாம். அவர் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்து, பரவாயில்லை, பரவாயில்லை என்றாராம். நான் போனபோதும் அதையேதான் சொன்னார். நான் காலில் விழப் போனேன், விடவில்லை. அரைத்தவணை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் தொடங்க இரண்டு நாள் இருந்தது.

"மாமா, திங்கக்கிழமை பிள்ளையள் பாத்துக்கொண்டு நிப்பினம். வாங்கோ."

"இல்லைப் பிள்ளை. இனி ஏலாது."

"எல்லாருக்கும் உண்மை தெரியும் மாமா. ஒருத்தரும் ஒண்டும் நினைக்கேல்லை."

"அவையள் நினைக்கேல்லை. எனக்குத் தெரியும்." தன் கைகளை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த அறைக்குள்ளை வைச்சு என்னட்டைக் கேட்ட கேள்வியள் உனக்குச் சொல்ல ஏலாது. ஒரு பிள்ளையைத் தொட்டால் இப்பிடியெல்லாம் யோசிப்பினம் எண்டு எனக்கு இவ்வளவு காலமும் தெரியாது. இப்ப தெரிஞ்சிட்டுது. தெரியாத மாதிரி இருக்க ஏலாது பிள்ளை."

இப்போது காலையில் நாங்கள் முறை வைத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோகிறோம். ஆளுக்காள் முறை மாற்றிச் சண்டையும் பிடிக்கிறோம்.

போன சனிக்கிழமை பூங்காவுக்குப் போயிருந்தோம். நான் மர வாங்கில் உட்கார்ந்து யதுசனுக்குச் சன்கிறீம் பூசிக்கொண்டிருந்தேன். தர்மிகா ஸ்கூட்டரில் தூரத்துக்குப் போய்விட்டாள். எதிரில் மாமா நடந்து வந்தார். அவரைக் கண்டதும் அவள் "மாமா!" என்று கத்திக்கொண்டு முழு வேகத்தில் போனாள். போன வேகத்தில் அவருடைய காலடியிலேயே குப்புற விழுந்தாள். முழங்கால் கிழிந்து இரத்தம். அவரை நோக்கி இரண்டு கையையும் நீட்டி, "மாமா, தூக்குங்கோ, தூக்குங்கோ" என்று கத்தினாள்.

அவர் குனியவில்லை. இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, சுற்றுமுற்றும் பார்த்து, என்னைக் கண்டுபிடித்து, குரல் உடையக் கூப்பிட்டார்.

"பிள்ளை, ஓடி வா! ஓடி வந்து தூக்கு!"

நான் ஓடினேன். அந்தப் புல்வெளி எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நான் போய்ச் சேரும்வரை என் பிள்ளை நிலத்தில் கிடந்து அழுதாள், அவர் பக்கத்தில் நின்று அழுதார்.